நார்த்தூளில் உப்பு

தாய்ச்செடியின் இலை நுனி கருகியதை நான் முதலில் பார்த்தது மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை. வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்குத்தான் கருகல். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கஞ்சாச் செடிக்குக் கிழட்டு ஆடு என்று பேர். பூ விட்டால் ஆட்டுப்பட்டி வாடை அடிக்கும், அதனால் அந்தப் பேர். போதைக்கு உதவாது. இதைப் புகைத்தவன் எவனும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. ஆனால் இதன் பூவில் காய்ச்சிய எண்ணெயைக் காலையில் அரை ஃபில்லர், சாயங்காலம் அரை ஃபில்லர் நாக்குக்கு அடியில் விட்டால் என் மனைவி வெர்னாவுக்கு வலிப்பு வருவதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வாரத்துக்கு மூன்று தடவை அடுப்படியில் விழுந்து துடித்தவள் அவள். ஆஸ்பத்திரி மாத்திரை மட்டும் தின்றபோதும் விழுந்தாள். இரண்டும் சேர்ந்த பிறகுதான் நின்றது. டாக்டரம்மா ஒன்றை மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திச் சொன்னாள். இரண்டும் சேரும்போது எண்ணெய் அளவு கூடக் கூடாது. கூடினால் தூங்குவாள், தூங்கிக்கொண்டே இருப்பாள், ஒருநாள் எழுப்ப முடியாமல் போகும்.

எங்கள் ஹம்போல்ட் மலையில் இந்த ரகம் இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது. தீ வந்த வருஷம் அவர்கள் தோட்டம் போயிற்று. இப்போது என் கொட்டகையில் ஒரு தாய்ச்செடி, அதிலிருந்து வெட்டி வேர்விட வைத்த ஆறு பிள்ளைச்செடி. அவ்வளவுதான். இந்த ஏழும் போனால் வெர்னா திரும்பவும் தரையில்.

முப்பது வருஷம் மண்ணில்தான் வளர்த்தேன். போன கோடையில் மண்ணுக்குள் வேர்ப்பேன் புகுந்துவிட்டது. வேரைக் கழுவி எடுத்து, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டிக்கு மாற்றினேன். தென்னை மரத்தை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. கடையில் செங்கல் மாதிரி அமுக்கி வைத்து விற்கிறார்கள், தண்ணீர் ஊற்றினால் ஊதிப் பெரிதாகிறது. அதில் சத்து எதுவும் இல்லை. ஐம்பது கேலன் டிரம்மில் தண்ணீர் பிடித்து, மூன்று பாட்டிலிலிருந்து மருந்து அளந்து கலக்கி, அதைத் தினமும் ஊற்ற வேண்டும். திங்களும் வியாழனும் டிரம்மில் புதுசாகக் கலப்பேன். அதுதான் செடிக்குச் சோறு. அளவு பார்க்க மீட்டர் ஒன்றைக் கடைக்காரப் பெண் என் தலையில் கட்டப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனால் ஒரு மூடி என்றால் ஒரு மூடி, அது தெரியும் எனக்கு.

அடுத்த வாரம் நடு இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வந்தது. ஓரம் பொரிந்தது. இலை கரும்பச்சையாகி, நுனி பருந்து நகம் போலக் கீழே வளைந்தது.

வெர்னாவின் தம்பி டாயில் வியாழக்கிழமைதோறும் வருவான். ஆறு மைல் கீழே வீடு. அவனும் இதே தொழில்தான், நார்த்தூளில் எனக்கு முன்னாலேயே இறங்கியவன். கொட்டகைக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னான்.

"கால்மேக் பத்தல, மச்சான்."

"பாக்காமலே சொல்ற."

"பாக்க என்ன இருக்கு? புள்ளி இருக்குல்ல? நார்த்தூள்தானே இது? அது சுண்ணாம்புச் சத்தைத் தனக்குன்னு இழுத்து வச்சுக்கும். செடிக்கு மிச்சம் வைக்காது. உன்னை மாதிரி."

கால்மேக் என்றால் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த பாட்டில். எங்கள் மலையில் நார்த்தூளில் வளர்க்கிறவனிடம் போய், செடி மேல் மரம் விழுந்துவிட்டது என்று சொன்னாலும் கால்மேக் ஊற்றினாயா என்றுதான் கேட்பான். நானும் ஒரு மூடிக்கு ஒன்றரை மூடியாகக் கூட்டினேன். ஒரே வாரத்தில் புள்ளி இரண்டு மடங்காயிற்று. பிள்ளைச்செடி ஒன்று தலை தொங்கிச் செத்தது.

கடையில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள், பன்னிரண்டு இலைப் படம், ஒவ்வொன்றுக்குக் கீழேயும் எந்தச் சத்துக் குறைவு என்று எழுதியிருக்கும். என் இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் என் இலை மாதிரியே இருந்தது. அட்டையை அடுப்பில் போட்டேன்.

அந்த வாரங்களில் வெர்னா நிறையத் தூங்கினாள். சாப்பிடும்போது ஸ்பூன் கையிலிருந்து நழுவும். பேச ஆரம்பித்து நடுவில் விட்டுவிடுவாள். நோய் வேறு ரூபத்தில் திரும்புகிறது என்று நினைத்தேன். டாயில் வேறு மாதிரிப் பேசினான்.

"அவளைக் கீழ யுரேகா டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம், ஆர்வில். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. நர்ஸு இருக்காங்க. இந்த மலை மேல நீங்க ரெண்டே பேரு, ரோடு சரிஞ்சா யாரு வருவா?"

"நான் இருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

மறு வியாழன் அவன் தன் மீட்டரைக் கொண்டுவந்தான். தாய்ச்செடித் தொட்டிக்குக் கீழே ஒழுகிய தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து மீட்டரை விட்டான்.

"மருந்து அளவு அஞ்சு புள்ளி ரெண்டு. ஒண்ணரை, மிஞ்சிப்போனா ரெண்டு இருக்கணும்."

"உன் மீட்டர் சீனாக்காரன் செஞ்சது."

"அப்ப உன் நாக்கு யாரு செஞ்சது? வச்சுப் பாரு."

விரலால் தொட்டு நக்கினேன். கடல் தண்ணீர் மாதிரிக் கரித்தது, பின்னால் ஒரு கசப்பு. மீட்டரை நான் நம்பவில்லை, நாக்கை நம்பினேன். செடிக்குப் பசி இல்லை. அளவுக்கு மீறித் தின்று, தின்றதெல்லாம் உப்பாக வேரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பை உள்ளே விடாமல் அடைத்திருக்கிறது. அதைப் பசி என்று நினைத்து நாங்கள் இன்னும் ஊட்டியிருக்கிறோம்.

அன்று பகல் முழுக்க இரண்டு பேரும் தொட்டிகளைக் கழுவினோம். வெறும் தண்ணீரில் கழுவினால் நார்த்தூள் வேறு கோளாறு பண்ணும் என்று டாயில் லேசாக மருந்து கலந்து ஊற்றச் சொன்னான். தொட்டிக்கு நாலு வாளி. கடைசியில் ஒழுகியது ஒன்று புள்ளி ஏழு காட்டியது. டிரம்மையும் கொட்டி அலசினோம். வியாழக்கிழமைக்கு அவன் எதிரிலேயே ஒரு மூடி, ஒரு மூடி, ஒரு மூடி என்று புதுசாகக் கலந்தேன்.

"இதை இப்படியே பிடிச்சுக்கோ. கை அரிச்சா பையில போட்டுக்கோ," என்றான்.

தாய்ச்செடி நாலு நாளைக்கு ஒரு ஜோடி இலை விடும். கழுவிய பிறகு வந்த முதல் ஜோடி சுத்தமாக இருந்தது. வெளிர்பச்சை, நுனி நேராக. நான் கொட்டகையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஜோடியும் சுத்தம். மூன்றாவது ஜோடி விரியும்போதே நுனி கருகியிருந்தது.

இலை பொய் சொல்லாது. என்றைக்குக் கெட்டது என்று அதிலேயே இருக்கிறது. எட்டு நாள் ஒழுங்காக இருந்து, ஒன்பதாம் நாளிலிருந்து திரும்பவும் உப்பு ஏறியிருக்கிறது. டிரம்மில் விரலை விட்டு நக்கினேன். கரித்தது. தொட்டியில் இல்லை, டிரம்மிலேயே. யாரோ ஊற்றுகிறார்கள்.

பென்சிலை எடுத்து மூன்று பாட்டிலிலும் மருந்து நிற்கிற மட்டத்தில் கோடு போட்டேன். கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டேன். சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. அடுத்த திங்கட்கிழமை கலந்துவிட்டு மறுபடி கோடு போட்டேன். செவ்வாய் காலையில் பார்த்தால் மூன்று பாட்டிலிலும் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் குறைந்திருந்தது.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் இல்லை. சாவி என் நெஞ்சில்.

யாருக்கு லாபம் என்று யோசித்தேன். மேலே ஓடைப் பக்கம் புதுசாக வந்தவர்களுக்கு என் செடி இருப்பதே தெரியாது. செடி செத்தால் எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாவிட்டால் வெர்னா இங்கே இருக்க முடியாது. யுரேகாவுக்குப் போகவேண்டும். அதை விரும்புகிறவன் ஒருத்தன்தான். அந்தப் பூட்டை வாங்கிவந்ததும் அவன்தான், நான் சொல்லி. பூட்டு வாங்கினவன் இன்னொரு சாவி வெட்ட எவ்வளவு நேரம்?

வியாழக்கிழமை டாயில் பிக்கப்பை விட்டு இறங்குவதற்குள் நான் முற்றத்தில் நின்றேன்.

"சாவியைக் குடு."

"எந்தச் சாவி?"

"நடிக்காத. என் செடிக்கு விஷம் வைக்கிற. உன் சொந்த அக்காவுக்கு."

அவன் கதவைத் திறந்தபடியே என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"மச்சான், உனக்குக் காய்ச்சலா?"

"இன்னொரு தடவை இந்தக் கேட்டைத் தாண்டின, நடந்து திரும்ப மாட்ட."

"நான் ஏன்யா அதைக் கொல்லணும்? அவ விழுந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டப்போ வாயில விரலை விட்டவன் நான். தழும்பு இருக்கு, பாக்கறியா?"

"பாத்தாச்சு. கெளம்பு."

வண்டியைத் திருப்பும்போது ஜன்னல் வழியாக ஒன்று சொன்னான். "போன வாரமும் இதையேதான் கேட்ட, ஆர்வில். சாவியைக் குடுன்னு. நான் இல்லைன்னதும் சரின்னு காப்பி போட்டுக் குடுத்த."

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிறானே என்று ஆத்திரம்தான் வந்தது.

சந்தேகம் இருந்தால் போதாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் கட்டி வைக்கிற காமிரா ஒன்று என்னிடம் இருந்தது. எதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும், மணியும் தேதியும் போடும். அதைக் கொட்டகை உத்தரத்தில், டிரம் தெரிகிற மாதிரிக் கட்டினேன். திங்கட்கிழமை வழக்கம்போலக் கலந்து கோடு போட்டேன். செவ்வாய் காலை பாட்டிலைப் பார்த்தேன், மட்டம் இறங்கியிருந்தது. மாட்டிக்கொண்டான் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

காமிராவை அவிழ்த்து, அதன் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பார்த்தேன்.

திங்கள் காலை ஏழு பத்து. நான். பாட்டிலை எடுத்து, மூடியில் அளந்து, டிரம்மில் ஊற்றிக் கலக்குகிறேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்பது நாற்பது. நான். அதே சட்டை, அதே தொப்பி. மூடியில் அளந்து ஊற்றுகிறேன். சிந்தாமல் ஊற்றுகிறேன். துடுப்பால் கலக்குகிறேன். பென்சிலை எடுத்துப் பாட்டிலைப் பார்க்கிறேன், கோடு போடாமல் வைத்துவிடுகிறேன்.

பதினொன்று ஐம்பது. நான்.

மூன்று மணி. நான். இந்தத் தடவை காமிராவையே நிமிர்ந்து பார்க்கிறேன். இது என்ன என்று பார்க்கிற மாதிரி. பிறகு பாட்டிலை எடுக்கிறேன்.

மூன்று தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். யாராவது என் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறானா என்று பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. மரம் அறுக்கையில் போனது, என் விரல்.

அங்கேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மூடிதான் ஊற்றியிருக்கிறேன். ஒரு மூடி என்றால் ஒரு மூடி. எத்தனை முதல் தடவை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஃபில்லர் ஞாபகம் வந்தது. காலையில் அரை, சாயங்காலம் அரை. கொடுக்கிறவன் நான்.

வீட்டுக்குள் ஓடினேன். என் வயசில் ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. வெர்னா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உலுக்கினேன். எழவில்லை. பலமாக உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள், என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னுமா?" என்றாள். நாக்கு குழறியது.

"இல்ல. கையில ஒண்ணுமில்ல, பாரு. வெர்னா, இன்னைக்கு எத்தனை தடவை குடுத்தேன்?"

விரலை மடக்கி எண்ணினாள்.

"மூணு. ஒண்ணைக் கைக்குட்டையில துப்பிட்டேன். உன் எண்ணெய் நாறுது, ஆர்வில்."

காலை பதினோரு மணிகூட ஆகவில்லை.

"நேத்து?"

"நேத்து எனக்கு ஞாபகம் இல்ல. உனக்கே இல்லாதப்போ எனக்கு எப்படி இருக்கும்?" சிரிக்கப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல? வாயில்லையா உனக்கு?"

"சொன்னேனே."

"எப்ப?"

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஒரு தடவை சொன்னேன். கட்டில்ல உக்காந்து அழுத. நாளைக்கே டாயில்கிட்ட சொல்லிடறேன்னு சொன்ன. மறுநாள் காலைல ஃபில்லரோட வந்து நின்ன." மூச்சு வாங்கினாள். "போன மாசம் இன்னொரு தடவை சொன்னேன். நான் பொய் சொல்றேன்னு காப்பிக் கோப்பையைச் சுவத்துல அடிச்ச. அதுக்கப்புறம் சொல்லல."

சுவரைப் பார்த்தேன். பழுப்பாக ஒரு கறை கீழே வரை ஒழுகிக் காய்ந்திருந்தது. மழை ஒழுகல் என்று நான் கூரையைக்கூடப் போய்ப் பார்த்திருந்தேன்.

"டாயில்கிட்ட நீயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன ஆகும்? என்னை ஒரு இல்லத்துல போடுவான், உன்னை ஒண்ணுல. தூக்கம்தானே, போகட்டும்னு விட்டேன்."

மறந்துவிடுவதற்குள் செய்ய வேண்டும் என்று போனை எடுத்தேன். எண் ஞாபகம் இருந்தது. நாற்பது வருஷத்து எண்.

"இன்னும் திட்ட வேண்டியது பாக்கி இருக்கா?" என்றான் டாயில்.

"வா. இப்பவே. நீ வர்றதுக்குள்ள நான் மாத்திப் பேசினாலும் கேக்காத. கேட்டை உடைச்சுட்டு வா."

இருபது நிமிஷத்தில் வந்தான். கேட் திறந்தே இருந்தது. காமிராவை அவன் கையில் கொடுத்தேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து பார்த்தான். மூன்று மணிப் படத்தில், நான் நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் நிறுத்தி, ரொம்ப நேரம் வைத்திருந்தான். பிறகு உள்ளே போய் அக்காவின் இமையை விலக்கிப் பார்த்தான், டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினான். அடுத்த இரண்டு நாளைக்கு எண்ணெய் ஒரு சொட்டு கூடாது, எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுக்க வேண்டும், மூச்சு இழுத்தால் உடனே யுரேகா. அதுதான் பதில்.

"செடி?" என்றேன்.

"நான் பாத்துக்கறேன். கழுவினா பிழைக்கும். அதைவிட மோசமானதை எல்லாம் பாத்திருக்கேன்." கையை நீட்டினான். "சாவி."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். எண்ணெய் பாட்டிலையும் ஃபில்லரையும் கொடுத்தேன். மூன்று மருந்து பாட்டிலையும் அவன் வண்டியில் ஏற்றினேன். என் பிக்கப் சாவியை அவன் கேட்காமலே கொடுத்தேன். அவன் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டான், ஒரு வார்த்தை நன்றியோ நக்கலோ இல்லாமல். டாயில் நக்கல் பண்ணாமல் ஐந்து நிமிஷம் இருந்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு நான் இதெல்லாத்தையும் திருப்பிக் கேப்பேன்," என்றேன். "நீ திருடிட்டன்னு சொல்லுவேன்."

"தெரியும். குடுக்க மாட்டேன்." சாவிகளைப் பையில் போட்டபடி, "வீட்ல துப்பாக்கி எத்தனை இருக்கு?" என்றான்.

"ரெண்டு. அலமாரியில ஒண்ணு, கதவுக்குப் பின்னால ஒண்ணு."

"உனக்குத் தெரிஞ்சு ரெண்டு."

இரண்டையும் எடுத்து வந்தான். பிறகு வீடு முழுக்கத் தேடினான். கட்டிலுக்கு அடியில், பரணில், என் பிக்கப் சீட்டுக்குப் பின்னால். கடைசியில் கொட்டகைக்குப் போனான். நானும் பின்னால் போனேன்.

நார்த்தூள் மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தேன், மூலையில். அவன் அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"இங்க வா, ஆர்வில்."

மூட்டைக்குப் பின்னால் என் சமையலறை நாற்காலி ஒன்று போட்டிருந்தது, கதவைப் பார்த்த மாதிரி. நாற்காலி மேல் ஒரு போர்வை. காப்பி குடித்த ஒரு டம்ளர். மூட்டை மேல் சாய்த்து, குழாய் கதவு இடுக்கைப் பார்க்கும்படி, என் அப்பாவின் மான் துப்பாக்கி. அதை விற்று இருபது வருஷம் ஆயிற்று என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

டாயில் அதை மெதுவாக, குழாயைத் தரைக்குத் திருப்பி எடுத்தான். துப்பாக்கியின் தாழை இழுத்துத் திறந்தான். தோட்டா உள்ளே ஏறித் தயாராக இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டான்.

"யாருக்காக இது?" என்று கேட்டான்.

எனக்கு அந்த நாற்காலியைப் போட்டது ஞாபகம் இல்லை. உட்கார்ந்தது ஞாபகம் இல்லை. ஆனால் பதில் தெரிந்திருந்தது.

"செடிக்கு விஷம் வைக்கிறவனுக்கு," என்றேன்.